அரை வோட்டு ஐயாதுரை

எங்கள் தெருவில் ஒரே ஒரு வோட்டு இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு தெருக்களிலும் ஒன்றிரண்டு உண்டு என்று சொல்லிக்கொள்வார்கள். நாங்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

சென்னைக் கவுன்சிலுக்குப் போடுகிற வோட்டைச் சொல்லவில்லை. அது வெற்றிலைக் கடைக்காரனிடம் கூடக் கிடந்தது. இது டில்லி ராஜாங்க சபைக்குப் போடுகிற வோட்டு. மதராஸ் ராஜதானி முழுவதற்கும் சேர்த்து அங்கே சில நாற்காலிகள்தான். அவற்றில் யார் உட்காருவது என்று சொல்லும் உரிமை, மலைபோல் தீர்வை கட்டும் மிராசுகளுக்கும் பெரிய வருமான வரிக்காரர்களுக்கும் மட்டுமே. அந்தக் கூட்டத்தில் எங்கள் மொக்கைச்சாமியும் ஒருவர். அந்தச் சபை என்னதான் செய்யும் என்று ஒரு தடவை கேட்டதற்கு, "உக்காரும்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

வோட்டு அவருடையது என்றாலும் நிலம் முழுக்க அவருடையதல்ல. வன்னியம்பட்டி நஞ்சையும் வத்திராயிருப்புத் தென்னந்தோப்பும் அப்பன் சொத்து. அதில் தம்பி ஐயாதுரைக்குச் சரிபாதி. பாகம் பிரியாத குடும்பம் என்பதால் பட்டா மூத்தவர் பேரில், தீர்வையும் மூத்தவர் பேரில், வோட்டும் மூத்தவர் பேரில். பிரித்துவிட்டால் தீர்வை இரண்டாகும். இரண்டு பேரில் ஒருவருக்கும் வோட்டு இராது. சர்க்கார் அரை வோட்டு வாங்குவதில்லை.

ஐயாதுரை முதல் தடவை பாகம் கேட்டது இருபத்தைந்தாம் வருஷத்து எலெக்‌ஷன் சமயம். கல்யாணமாகி, நாச்சியார் என்று ஐந்து வயதில் ஒரு பெண்ணும் இருந்தது. தெருக்காரர்கள் நாலு பேரைக் கூட்டி வைத்துத்தான் கேட்டான். நாங்களும் போயிருந்தோம். கூப்பிட்டார்களா என்பது வேறு விஷயம்.

"அண்ணே, எனக்குத் தோப்ப மட்டும் எம்பேருக்கு எழுதிக் குடுத்திருங்க. நஞ்சைய நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்குப் போதும்."

"தோப்பு போனா வோட்டு போயிருமேப்பா."

"வோட்டு என்னண்ணே வோட்டு. எம்பிள்ளைக்குப் பொறவு என்ன இருக்கு?"

மொக்கைச்சாமி எங்களைப் பார்த்தார். "என்னமோ எனக்குன்னு உள்ள வோட்டு மாதிரி பேசுதான். இது தெரு வோட்டு. டில்லிக்குப் போற வோட்டு. அத வெட்டிப் போட்டுரட்டா, சொல்லுங்க."

வெட்டக் கூடாது என்று நாங்கள் சொன்னோம். எங்களில் பாதிப்பேர் அவர் நிலத்தை விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தோம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. இந்த எலெக்‌ஷன் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தீர்ந்தது. அன்றைக்கே ஐயாதுரைக்கு 'அரை வோட்டு' என்று பேர் விழுந்தது. அந்தக் குழந்தை ஓடி வாசலுக்கு வந்தால் 'கால் வோட்டு வருது' என்பார்கள். பேர் வைத்தது யார் என்று கேட்கக் கூடாது. நல்ல பேர், ஒட்டிக்கொண்டது.

எலெக்‌ஷன் முடிந்தது. அடுத்ததிலும் ஒன்று போட்டுவிடுகிறேன் என்றார் அண்ணன்.

அடுத்தது முப்பதாம் வருஷம். அப்போதுதான் ராஜபாளையத்திலிருந்து சுப்பராஜா காரில் வந்து இறங்கினார். நிற்கிற வேட்பாளர்களில் ஒருவருக்கு எங்கள் பக்கத்தில் காரியம் பார்க்கிறவர். பஞ்சு வியாபாரம், வீட்டில் தெலுங்கு, வெளியில் எல்லாப் பாஷையும். மொக்கைச்சாமிக்கு அவர் கொண்டுவந்து கொடுத்தது ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி. பால் மாதிரி வெள்ளை, மூக்கு மட்டும் சிவப்பு. அது வளர்ந்ததும் வாரத்துக்கு ஒரு நாள் கறி என்று சுப்பராஜா சொல்லியிருந்தார். மொக்கைச்சாமி அதற்கு மூன்று நாள் போட்டார். கறியை வாங்கி வந்து கழுவி வேகவைத்துப் போடும் வேலை ஐயாதுரை பெண்சாதி வெள்ளத்தாய்க்கு. அவளுக்கு அடுப்பு தனி, அதில் கேப்பைக் கூழ்தான்.

"ஏட்டி வெள்ளத்தாயி, சாறையாவது பிள்ளைக்கு ஊத்தக் கூடாதா?" என்று கிணற்றடியில் கேட்டார்கள்.

"சாறும் நாய்க்குத்தான்னு அவிய சொல்லியிருக்காக," என்றாள்.

வோட்டுப் போட்டாயிற்று. சுப்பராஜாவின் ஆள் டில்லி போனார். ஐயாதுரை மறுபடி வந்து நின்றான். மொக்கைச்சாமி இந்தத் தடவை கோபமே படவில்லை.

"நான் உக்கார வச்ச மனுசன் அங்க உக்காந்திருக்கையில நான் இங்க எறங்குனா அவருக்கு மரியாதையா? அவர் எந்திரிக்கட்டும். அடுத்த எலெக்‌ஷன்ல கடைசியா ஒரு வோட்டு. மறுநாள் பாகம். போதுமா?" கோபுரம் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டே சொன்னார். நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

சபையின் ஆயுள் ஐந்து வருஷம் என்று ஐயாதுரை விசாரித்து வைத்துக்கொண்டான். தெருக்கோடியில் வேதமணி இருந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். பேப்பர் வாங்குகிற ஒரே ஆள். ஐயாதுரை தோப்பிலிருந்து வந்ததும் வராததுமாக அவர் வீட்டு வாசலில் போய் நிற்பான்.

"ஏட்டையா, சபை கலைஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லலே."

முப்பத்தைந்து வந்தது. நாச்சியாருக்கு வத்திராயிருப்பிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசி வந்தார்கள். பையன் நல்ல உழைப்பாளி, தோப்பை ஒட்டியே அவர்களுக்கும் நிலம். பெண் பார்த்தார்கள், பிடித்தது. போகும்போது பையனின் அப்பா வாசலில் நின்று, "தோப்பு உங்க பேர்லயா இருக்கு?" என்று கேட்டார்.

"சபை கலைஞ்சதும் எம்பேருக்கு வந்துரும்," என்றான் ஐயாதுரை.

"எந்த சபை?"

சொன்னான். டில்லி, ராஜாங்க சபை, ஐந்து வருஷம், அண்ணன் வோட்டு என்று ஒன்று விடாமல் சொன்னான். அந்த மனுஷர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது கலையட்டும், வருகிறோம் என்றார். பெண்ணுக்குக் கொண்டுவந்த பூவைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. அந்த மட்டுக்கும் பெரிய மனுஷர்.

அந்த வாரம் வேதமணி பேப்பரைப் படித்துவிட்டு ஐயாதுரையை அவரே கூப்பிட்டனுப்பினார். சபையின் ஆயுளை வைஸ்ராய் நீட்டிவிட்டாராம்.

"எதுக்கு ஏட்டையா நீட்டுறாக?"

"புதுச் சட்டம் வருதாம். அதுவரைக்கும் இருக்கிற சபையே இருக்கட்டும்னு."

"ஐயாதுரை மக கல்யாணம் நிக்குதுன்னு வைஸ்ராய்க்கு யாராச்சும் சொல்லலையா?" என்று யாரோ கேட்டார்கள். நல்ல சிரிப்பு. ஐயாதுரையும் சிரித்தான், சிரிக்காமல் போனால் இன்னும் சிரிப்போம் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த மாப்பிள்ளை வேறு இடத்தில் கட்டிக்கொண்டான்.

ஒருவழியாக எலெக்‌ஷன் வந்தது. இப்போதெல்லாம் போல் வரிசையில் நிற்கிற எலெக்‌ஷன் இல்லை. சீட்டு தபாலில் வரும். அதை எடுத்துக்கொண்டு அதிகாரி ஒருவர் முன்னால் போய், குறி போட்டு, மடித்து, ஒட்டி, அனுப்ப வேண்டும். பேருக்கு எதிரில் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட வேண்டும். யாரை முதலில் வேண்டும், அவர் இல்லாவிட்டால் அடுத்து யார் என்று. சுப்பராஜா காரில் வந்து, "அண்ணாச்சி, மனவாளுக்கு, நம்ம ஆளுக்கு, ஒண்ணு. அவருக்குக் கீழ இருக்கிறவருக்கு ரெண்டு. வேற ஏமி வேண்டாம்," என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மொக்கைச்சாமி குளித்து, திருநீறு பூசி, ஜரிகை வேஷ்டி கட்டிப் புறப்பட்டார். ஐயாதுரைதான் வில்வண்டி ஓட்டினான். அவ்வளவு பத்திரமாக அவன் மாடு ஓட்டி நாங்கள் பார்த்ததில்லை. கடைசி வோட்டு அல்லவா.

மறுநாள் பாகம் என்று பேச்சு. மறுநாள் மொக்கைச்சாமிக்கு உடம்பு சரியில்லை. அதற்கு மறுநாள் அமாவாசை. பத்திரம் எழுதுகிறவர் ஊரில் இல்லை. இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போது, மதராஸில் வோட்டு எண்ணி முடிந்து, சுப்பராஜா திரும்பி வந்தார். காரை விட்டு இறங்கும்போதே முகம் சரியில்லை. நாங்கள் வாசலில் கூடிவிட்டோம்.

"அண்ணாச்சி, சீட்டுல என்ன போட்டீங்க?"

"நீங்க சொன்னதுதான். ஒண்ணு, ரெண்டு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"முதல் பேருக்கு எதிர்ல என்னமோ போட்டிருக்கே. நம்ம ஆளுக்கு எதிரி அவர்."

மொக்கைச்சாமி யோசித்தார். "அது சுழி."

"ஏமி சுழி?"

"பிள்ளையார் சுழி. எழுத ஆரம்பிக்கையில மேல சுழி போடாம எப்படி எழுத? தாள்ல மேல எடமில்ல, இங்கிலீசா அச்சடிச்சு வச்சிருக்கான். முதல் பேருக்குப் பக்கத்துலதான் வெள்ளையா எடம் கெடந்தது."

சுப்பராஜா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். நடந்ததை அவர் சொல்லக் கேட்டோம். மொக்கைச்சாமி இலக்கங்களைத் தமிழிலேயே போட்டிருக்கிறார்; அப்படிப் போட்டது அந்த ஒரு சீட்டுதானாம், அதனால் யாருடையது என்று கண்டுகொண்டாராம். தமிழ் இரண்டுக்கும் பிள்ளையார் சுழிக்கும் உருவம் ஒன்றுதானே. எண்ணுகிற இடத்தில் ஒரு குமாஸ்தா, இது இரண்டு என்றாராம். இன்னொருவர், இல்லை, இது பிள்ளையார் என்றாராம். எண்ணிக்கைக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, இரண்டு என்றால் சீட்டில் இரண்டு தடவை இரண்டு இருக்கிறது, பிள்ளையார் என்றால் சீட்டில் சாமி குறி போட்டு வோட்டுப் போட்ட ஆளை அடையாளம் காட்டியதாகிறது, எப்படிப் பார்த்தாலும் செல்லாது என்று தூக்கி ஒரு பக்கம் போட்டுவிட்டாராம். சுப்பராஜாவின் ஆள் ரொம்பக் கொஞ்சத்தில் போய்விட்டார்.

"போன தடவையும் சுழி போட்டீங்களா அண்ணாச்சி?" என்று சுப்பராஜா மெதுவாகக் கேட்டார்.

"எப்பவும் போடுததுதான்."

"அதுக்கு முந்தி?"

"சுழி போடாம நான் எந்தத் தாளையும் தொட்டதில்லய்யா."

ஆக, எங்கள் தெரு வோட்டு ஒரு தடவை கூட டில்லிக்குப் போய்ச் சேரவில்லை. முப்பதாம் வருஷத்து மனுஷர் டில்லியில் உட்கார்ந்தது மற்றவர்கள் வோட்டில். சுப்பராஜா எழுந்து, நாயைச் சங்கிலியோடு அவிழ்த்துக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அது திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

முதலில் சிரித்தது வெள்ளத்தாய். அவள் சிரித்து நாங்கள் கேட்டதே இல்லை, நாய்க்குக் கறி வேகிற அடுப்படியிலிருந்து வந்தது. மொக்கைச்சாமிக்கு முகம் கறுத்துவிட்டது.

ஐயாதுரை இங்கிதம் தெரியாமல் அந்த நேரம் பார்த்துப் போய் நின்றான். "அண்ணே, வோட்டுதான் இல்லைன்னு ஆயிருச்சே. இனி என்னத்துக்குக் காத்திருக்கணும்? தோப்ப எழுதிரலாமே."

"என்ன பேச்சு பேசினோம்? கடைசி வோட்டு போட்ட மறுநாள் பாகம்னுதானே?"

"ஆமா."

"போட்டது வோட்டே இல்லங்கான். அப்ப நான் இன்னும் போடலைன்னுதான அர்த்தம்? அடுத்த எலெக்‌ஷன்ல சுழி இல்லாம ஒண்ணு செல்லும்படியா போடுதேன். மறுநாள் பாகம். பேச்சு மாற மாட்டேன்." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "சிரிச்சவ இனி இந்த வீட்டு நெல்ல அளந்து வாங்க வர வேண்டாம். புருசன் வரட்டும்," என்றார்.

நியாயத்தை எங்களிடம்தான் கேட்டார்கள். வார்த்தைப்படி பார்த்தால் மூத்தவர் சொல்வது சரி என்று நாங்கள் சொன்னோம். வார்த்தைப்படி சரிதான்.

அதற்கப்புறம் எலெக்‌ஷன் வரவில்லை. யுத்தம் வந்தது. யுத்தத்தில் எலெக்‌ஷன் எதற்கு என்று வைஸ்ராய் சபையின் ஆயுளை நீட்டினார். பிறகும் நீட்டினார். டில்லியில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே கிழவர்களானார்கள். ஐயாதுரை வேதமணி வீட்டு வாசலில் நின்று நின்று, கடைசியில் கேள்வி கேட்பதைக் கூட விட்டுவிட்டான். போய் நிற்பான், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி இல்லை என்று ஆட்டுவார், திரும்பி வருவான். நாச்சியாரை வ. புதுப்பட்டியில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கும் ஐயாதுரைக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் பட்டாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு மொக்கைச்சாமி தென்னங்கீற்று கொடுத்து உதவினார், தோப்பிலிருந்து.

நாற்பத்தேழில் வெள்ளைக்காரன் போனான். ராஜாங்க சபையும் போயிற்று. கலைத்து, வேறு தேர்ந்தெடுக்காமலே மூடிவிட்டார்கள். வேதமணி இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு அவரே ஐயாதுரையோடு வந்தார். தெருவே பின்னால் வந்தது.

மொக்கைச்சாமிக்குக் காது மந்தம். வேதமணி இரண்டு தடவை உரக்கப் படித்தார்.

"சபை இல்லையா?"

"இல்ல. முடிஞ்சது."

"அப்ப எலெக்‌ஷன்?"

"அதுவும் இனிமே கெடையாது, அண்ணே," என்றான் ஐயாதுரை. தலை முழுக்க நரைத்திருந்தது. "இனி வோட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத் தோப்பு வேணும்."

மொக்கைச்சாமி செத்த நேரம் வெற்றிலை மென்றார். "செல்லுற வோட்டு ஒண்ணு போட்ட மறுநாள்னு பேச்சு. போட எடமில்லாம சபையவே மூடிட்டான். நான் என்ன செய்யட்டும்? எம்மேல என்ன குத்தம்?"

"அண்ணே."

"மறுநாள்னா அதுக்கு முந்தின நாள்னு ஒண்ணு வேணும்லா. அந்த நாள் வரல."

ஐயாதுரை அப்போதுதான், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கோர்ட் என்ற வார்த்தையைச் சொன்னான். ரொம்பத் தூரமில்லை, எங்கள் ஊரிலேயே இருக்கிறது. தெருவைத் தாண்டி நடந்தால் போதும்.

"போ," என்றார் மொக்கைச்சாமி. "பட்டா, தீர்வை ரசீது எல்லாம் எம்பேர்ல இருக்கு. பாகம் தருதேன்னு நான் சொன்னதக் கேட்டது யாரு? சாட்சி சொல்ல யாரு வாரா?"

ஐயாதுரை திரும்பி எங்களைப் பார்த்தான். ஒவ்வொருவராகப் பார்த்தான். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டபோது நாங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றிருந்தோம் என்று அவனுக்குத் தெரியும். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. வன்னியம்பட்டி நஞ்சையில் நாற்றுப் பாவியிருந்தது. வாரத்துக்கு யார் யார் உழுவது என்று மொக்கைச்சாமி இன்னும் சொல்லவில்லை.

வேதமணி பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முதலில் நகர்ந்தார். மற்றவர்களும் நகர்ந்தோம். எல்லாருக்கும் வேலை இருந்தது.