ஜீப்பின் அடியில் எட்டு ஓட்டைகள்

அப்பா ஜீப்பின் அடியில் படுத்து, சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் தட்டிக்கொண்டே வந்தார். பின்சக்கரத்துக்கு அருகில் தட்டியபோது சத்தம் வரவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

நான் டார்ச் பிடித்தபடி பக்கத்தில் குந்தியிருந்தேன். அப்பா வெளியே வந்து, முதுகில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் மெக்கானிக் அயூப் அண்ணாவுக்குப் போன் செய்தார்.

ஜீப் 2006ஆம் வருடத்தியது. அடுத்த மாதம் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். சேஸிஸில் ஓட்டை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருடம் முன்பு, வெள்ளம் வடிந்த பிறகு, துருப் பிடிக்காமலிருக்க அயூப் அண்ணாதான் அடிப்பாகம் முழுவதும் கறுப்புக் கோட்டிங் அடித்துக் கொடுத்திருந்தார்.

"அது கோட்டிங்கா, கண்மையா?" என்று அப்பா போனில் கேட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா சொல்ல விடவும் இல்லை. பன்னிரண்டு வருடப் பழக்கத்தை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு வைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் திருச்சபையின் வாட்ஸாப் குழுவில் இருநூற்றுப் பதினாலு பேர் இருக்கிறார்கள். அயூப் அண்ணாவிடம் வரும் வண்டிகளில் பாதி இந்தக் குழுவில் இருப்பவர்களுடையவை. அப்பாதான் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பியவர். இப்போது அதே குழுவில், 'சகோதர சகோதரிகளே' என்று தொடங்கி, அந்த ஷெட்டில் யாரும் வண்டி விடவேண்டாம், நம்பி ஏமாந்தேன் என்று எழுதினார். கீழே 'சத்தியநாதன்' என்று முழுப்பெயரும் போட்டார். பத்தே நிமிடத்தில் ஜோசலின் ஆன்ட்டி, சனிக்கிழமை விட இருந்த காரை விடப்போவதில்லை என்று பதில் போட்டார். டெபோரா டீச்சர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

அப்பா குளிக்கப் போனதும் நான் டார்ச்சோடு ஜீப்புக்கு அடியில் போனேன்.

ஓட்டையின் விளிம்பு வரை கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. எங்கும் உப்பவில்லை, உரியவில்லை. வெளியிலிருந்து அரித்திருந்தால் முதலில் பூச்சுதான் போயிருக்கும். இது உள்ளேயிருந்து தின்றுகொண்டு வந்த துரு. அதைப் புரிந்துகொள்ள நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் படித்திருக்கிறேன். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலையும் பார்க்கிறேன்.

சேஸிஸ் என்பது வண்டியைத் தாங்கும், உள்ளே காலியான இரும்புப் பெட்டி. அதன் அடிப்பக்கத்தில் விரல்நுனி அளவில் ஓட்டைகள் உண்டு. ஒன்றைத் தேடி, பூச்சைச் சுரண்டினேன். ஓட்டை இல்லை. சாம்பல் நிறத்தில், கல்லாக இறுகிய எம்சீல் பசை இருந்தது.

அதில் என் கட்டைவிரல் பதிந்திருந்தது.

2023 டிசம்பரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் நான் ஜீப்பைத் துடைத்தேன். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். இரும்பு, நீர், ஆக்சிஜன். மூன்றில் ஒன்றைத் தடுத்தால் துரு இல்லை. இந்த ஓட்டைகள் வழியாகத்தானே வெள்ளம் உள்ளே போனது என்று நினைத்தேன். வீட்டில் குழாய்க் கசிவுக்கு வாங்கியிருந்த எம்சீலைப் பிசைந்து எட்டு ஓட்டைகளையும் அடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெருமையாகச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தண்ணீர் வெளியே போகத்தான் அந்த ஓட்டைகள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மேலேயிருக்கும் இடுக்குகளில் இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது.

மறுநாள் வேலை முடிந்து தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கும் வரை, சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். செம்பாக்கத்தில் அயூப் அண்ணாவின் ஷெட்டில் ஒரு வண்டிகூட இல்லை. அவர் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அண்ணா, அந்த ஓட்டைங்களை அடைச்சது நான்தான்" என்றேன். ஒத்திகை பார்த்ததில் பாதிகூட வரவில்லை.

அவர் ஆச்சரியப்படவில்லை. "நீயா? சார்னு இல்ல நெனச்சுகினு இருந்தேன்."

கோட்டிங் அடிக்கும்போதே அவர் பார்த்திருக்கிறார். ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன். டயர் விஷயம்தான் என்றார்.

அது எனக்கும் நினைவிருந்தது. ஐந்து வருடம் முன்பு ஜீப்புக்கு டயர் மாற்றும்போது, அப்பா வீடியோக்கள் பார்த்து, பெரிய பெரிய பல் வைத்த அகலமான டயர்தான் வேண்டும் என்று நின்றார். அகல டயர் தண்ணீரில் மிதக்கப் பார்க்கும், குறுகலான டயர்தான் தண்ணீரை வெட்டிக்கொண்டு போய்த் தரையைப் பிடிக்கும் என்று அயூப் அண்ணா சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. "சார், நம்ம ஓட்டறது செம்பாக்கத்துல, பாலைவனத்துல இல்ல" என்று அயூப் அண்ணா சொல்லிவிட்டார். ஷெட்டில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அப்பா குறுகல் டயரே போட்டுக்கொண்டார். ஆனால் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. வெள்ளத்தின்போது அதே டயரில் எங்கள் தெருக்காரர்களை மெயின்ரோடு வரை பன்னிரண்டு நடை கொண்டுபோய் விட்டார். டயர் தன் தேர்வு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

"ஒரு தபா எதுத்துப் பேசிட்டேன். சாரு கணக்கு வாத்தியாரு, யோசிச்சுதான் அடைச்சிருப்பாரு, திரும்பவும் எதுக்கு பேஜாருன்னு வுட்டுட்டேன். அது என் தப்பு பாப்பா. சொல்லியிருக்கணும்."

நான் அப்பாவிடம் சொல்லப்போவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றார். போன தடவை போல இரண்டு மாதத்தில் ஆறிவிடுவார், தானே வருவார் என்றார். அவர் எங்கள் குழுவில் இல்லை. அப்பா எழுதியது அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொபைலை எடுத்துக் காட்டினேன்.

மெதுவாகப் படித்தார். "அதான் மூணு வண்டி வரலியா" என்றார். டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவை ஜீப்புக்கு அடியில் கூப்பிட்டேன். எதற்கென்று கேட்டுக்கொண்டே வந்து படுத்தார். எனக்கு முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது. அரிக்காத முன்பக்கத்து ஓட்டை ஒன்றில் உளியை வைத்து எம்சீலைப் பெயர்த்தேன். செம்பழுப்பு நீர் அப்பாவின் முழங்கையில் சொட்டியது. மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"நான் அடைச்சதுப்பா. எட்டும்."

அப்பா அந்த நீரை விரலில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அயூப்கிட்ட நேர்ல போய்ப் பேசிடறேன்" என்றார்.

"குரூப்ல போட்டதுக்கு குரூப்லதான்பா பேசணும்."

நான் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற அம்மா உள்ளே போனார், அப்பாவின் மூக்குக்கண்ணாடியோடு திரும்பி வந்தார்.

ஒற்றை விரலால் எழுத அப்பாவுக்கு அரைமணி நேரம் ஆனது. அயூப் செய்த வேலையில் குறை இல்லை, தவறு எங்கள் வீட்டில் நடந்தது, அவசரப்பட்டு எழுதியதற்கு வருந்துகிறேன் என்று போட்டார். என் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் குழுவில் நான் அதுவரை 'ஆமென்' தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. அப்பா எழுதியதற்குக் கீழே, 'அடைத்தது நான். எப்சி' என்று போட்டுவிட்டு மொபைலைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

காலையில் பார்த்தபோது ஜோசலின் ஆன்ட்டி, தன் காரிலும் அப்படி ஓட்டை இருக்குமா, அயூப் சனிக்கிழமை பார்ப்பாரா என்று கேட்டிருந்தார்.

சனிக்கிழமை ஷெட்டில் எங்களுக்கு முன்னால் ஆன்ட்டியின் கார் நின்றது. அயூப் அண்ணா அப்பாவுக்கு ஸ்டூல் போட்டார். அப்பா உட்காரவில்லை. தேய்ந்துபோன டயர்களைச் சுற்றி வந்தார்.

"டயரும் மாத்தணும் அயூப். எது போடலாம்னு நீயே சொல்லு."

"குறுகல்தான் சார்."

"சரி" என்றார் அப்பா.

அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய நான்கு நாள் ஆனது. மற்ற ஓட்டைகளின் எம்சீலை நானே பெயர்த்தேன். கடைசி நாள், உள்ளே துருவைத் தடுக்கும் மெழுகெண்ணெய் அடிப்பதற்கு முன்னால், அயூப் அண்ணா மேலேயிருந்து சேஸிஸுக்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். நான் கீழே படுத்திருந்தேன்.

"வருதா?" என்று அப்பா கேட்டார்.

ஒவ்வொன்றாக எண்ணினேன். எட்டாவது மட்டும் கொஞ்சம் தாமதித்தது. கம்பியை விட்டுக் குடைந்தேன்.

"வருது" என்றேன், மேலே இருக்கும் இருவருக்கும் கேட்கும்படி.