பூண்டுக்காட்டில் ஒரு பீரங்கி

நாட்டு மக்கள் அனைவருக்கும் பெருமிதத்துடன் அறிவிப்பது யாதெனில், ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள எங்கள் மேல்மலைக் கிராமம், கடல்வழியாக வரும் எந்தப் பகைவனையும் சந்திக்க ஆயத்தமாகிவிட்டது.

உடைத்துப்போட்ட போர்க்கப்பலிலிருந்து கழற்றிய பீரங்கி அது. அதன்பின் நாற்பது வருஷம் ஒரு கடற்கரை மேட்டில், வராத எதிரிக்காகக் காத்திருந்தது. கடைசியில் கொடைக்கானல் பக்கம் புதிதாகத் திறக்கவிருந்த பூங்காவுக்கு லாரியில் ஏற்றினார்கள். எங்கள் ஊர் வளைவில் லாரியால் திரும்ப முடியவில்லை. ரெண்டே நாள் என்று சொல்லி, திருமலைச்சாமியின் முப்பது சென்ட் நிலத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். அவருக்கு இருப்பதே அந்த முப்பது சென்ட்தான். பூண்டு நடுவதற்கு உரம் போட்டுக் கொத்திவைத்திருந்தார்.

புது இரும்பு எது வந்தாலும், மருந்தடிக்கும் மெஷினானாலும், பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் செருகுவது எங்கள் வழக்கம். அவர் மனைவி மகாதேவி பீரங்கிக்கும் அதைச் செய்தார். மூன்றாம் நாள் வழியில் போனவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஐந்தாம் நாள், கும்பிட்டதும் காணாமல்போன மாடு திரும்பியதாகச் சின்னக்கருப்பன் சாட்சி சொன்னார். எட்டாம் நாள் தகரக்கூரை, மணி. கொத்திய மண் கூட்டத்தின் காலில் மிதிபட்டுத் தார்ரோடாக இறுகிவிட்டது.

பதினோராம் நாள் பீரங்கியை எடுத்துப்போகக் கிரேனோடு வந்த பூங்கா அதிகாரி சேனாதிபதி, கூட்டத்தைப் பார்த்ததும் முதல் காரியமாக ஷூவைக் கழற்றினார்.

"சார், இது சாமியில்லீங்க," என்றார் திருமலைச்சாமி. "எம் பொண்டாட்டி வச்ச பொட்டுங்க. தொடச்சா போயிரும்."

"ஏலே, தொடச்ச கை வெளங்குமா?" என்றார் ஊர்த்தலைவர் முத்துராஜ்.

"வெதப்பூண்டு அடுப்புக்கு மேல மொளவிட்டுக் கெடக்குங்க. வெரசா நடணும்."

நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார் அதிகாரி. பிறகு இரக்கப்பட்டு, "கோயிலுக்கு நெலம் குடுத்தவர்னு உங்க பேரைக் கல்லுல போடச் சொல்றேன்," என்றார். ஊரே கைதட்டியது. கிரேன் திரும்பிப் போனது.

சாயங்காலம் ஆளில்லாத நேரம் பார்த்துத் திருமலைச்சாமி பீரங்கிக்கு முன்னால் நின்றார். வேறு யாரிடம் முறையிடுவதென்று தெரியாததால் அதையே கும்பிட்டு, எழுந்து போய்விடச் சொன்னார். அப்போது சோலையிலிருந்து மூன்று காட்டெருமைகள் இறங்கின. அவர் வரப்புக்குப் பின்னால் பதுங்கினார். கடலைக் காத்த குழாயில் ஒன்று நிதானமாக முதுகு சொறிந்துகொண்டது.

மறுநாள் மகாதேவி அந்த விதைப்பூண்டை உரித்து ரசத்தில் போட்டார்.