குழியில் கிடைத்த சோழிகள்

அன்று குழியருகே இருந்தவர்கள் ராமதாஸ், அவர் மனைவி சரோஜா, சென்னையில் ஆதிமனிதர்களைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கும் மகள் மணிமொழி, காலஞ்சென்ற தம்பியின் மனைவி எல்லம்மாள், மண் வெட்ட வந்த தருமன். வேறு யாருமில்லை.

ஆண்டு 1998. பௌர்ணமிதோறும் மலை சுற்ற வரும் கூட்டம் பெருகிக்கொண்டே போகவே, அடி அண்ணாமலையில் தம் நிலத்தின் ஓரமாக ஒரு லாட்ஜ் கட்ட அஸ்திவாரம் தோண்டச் சொன்னார் ராமதாஸ். இடுப்பளவு ஆழத்தில் தருமனின் கடப்பாரை நின்றது. ஒரு குழந்தையின் எலும்புகள். முழங்கால்கள் மடங்கியிருந்தன. மண்டையோட்டில் சிவப்பு அப்பியிருந்தது. கைப்பக்கம் சில சோழிகள்.

“லாட்ஜுக்கு மொத ஆளு வந்துட்டாங்க,” என்றான் தருமன்.

மணிமொழி குழிக்குள் இறங்கி மண்டியிட்டாள். கல்லை உடைத்து ஆயுதம் செய்ததால் மட்டும் மனிதன் நம்மைப் போல் ஆகிவிடவில்லை என்றாள். செத்தவரைத் தூக்கி எறியாமல் படுக்கவைத்து, காவி பூசி, பக்கத்தில் எதையோ வைத்தானே, அன்றுதான் அவன் மனம் நம் மனம் ஆனது என்றாள். இங்கே கடல் ஏது? சோழியைத் தொலைவிலிருந்து கொண்டு வந்திருக்கிறார்கள்; பல ஆயிரம் வருஷம் இருக்கும்.

“என்ன நெனச்சு வெச்சிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க சித்தி.”

“என்னத்த நெனச்சிருப்பா. முழிச்சா வெளையாட எதுனா வேணுமேன்னு நெனச்சிருப்பா,” என்றாள் எல்லம்மாள்.

“பொம்பளதான் வெச்சான்னு பாத்தா மாதிரி சொல்றீங்களே.”

எல்லம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ராமதாசுக்குப் புரிந்துவிட்டது.

1971 கார்த்திகை. தீபத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர்கள் வீட்டில்தான் சோறு. பாட்டன் காலத்துப் பெருமை அது. முந்தின நாள் எல்லம்மாளின் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. தீட்டு வீடென்று தெரிந்தால் ஒருவரும் இலையில் உட்காரமாட்டார்கள். சின்னக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். சத்தமில்லாமல் புதைத்துவிட்டு வரும்படி எல்லம்மாளின் கணவனிடம் சொன்னார் ராமதாஸின் அப்பா; எந்த இடத்தில் என்று ராமதாஸ் கேட்டதில்லை. யாரும் அழக்கூடாது என்றார். தாய்வீட்டுக்கு அனுப்பிய குழந்தை அங்கேயே தை மாதம் இறந்ததாக ஊருக்குச் சொன்னார்கள். மறுநாள் அத்தனை பேருக்கும் எல்லம்மாள் பரிமாறினாள். சுவரில் பட்டை அடிக்கக் கரைத்து வைத்த காவியை அவள் குழந்தைமேல் பூசி அனுப்பியிருக்கிறாள் என்பது ராமதாசுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அதிகாரிகளிடம் சொல்ல மணிமொழி ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் போனாள். தருமன் டீ குடிக்கப் போனதும் எல்லம்மாள் பக்கத்தில் வந்தாள்.

“மாமா, அது நம்ம கொழந்த. மூடிடச் சொல்லுங்க.”

“தீட்டோட ஊருக்கே சோறு போட்டாங்கன்னு பேசுவாங்க. செத்துப்போன எங்கப்பா மேல காறித் துப்புவாங்க. பழங்காலத்து எலும்பாவே போவட்டும்.”

“எடுத்துக்கினு போயிடுவாங்களே.”

“போவட்டும்.”



மாலையில் ஜீப் வந்தது. எலும்புகளைப் பஞ்சில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கினார்கள். ஒரே ஒரு சோழியை மட்டும் தரும்படி எல்லம்மாள் கேட்டாள். எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் மதிப்பு என்று மரியாதையாகவே மறுத்தார் அதிகாரி.

“பத்திரமா இருக்கும் சித்தி,” என்றாள் மணிமொழி. “மனுஷன் எப்போ மனுஷன் ஆனான்றதுக்கு இதுதான் சாட்சி.”

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. எல்லம்மாள் அழவில்லை, அழாமல் இருப்பது அவளுக்குப் பழகியிருந்தது. பெட்டி எங்கோ ஒரு கிடங்கில் பிரிக்கப்படாமலே கிடந்தது. அவள் 2003-இல் இறந்தாள்.

அடி அண்ணாமலையில் ஆதிமனிதக் குழந்தை கிடைத்தது என்று மலை சுற்ற வருகிறவர்களிடம் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. அவள் பெயர் பொன்னி. எல்லம்மாளின் மகள். இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்தாள்.