பக்கவாட்டில் பாய்ந்த குண்டுகள்

இருபத்தைந்து கெஜத்துக்கு அப்பாலிருந்து இழுத்து வந்த டார்கெட் தாளை மாக்சின் மேஜையில் போட்டாள். வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் நீளநீளமாகக் கிழிந்திருந்தன. நேராகப் போகாமல் குப்புறப் புரண்டு, பக்கவாட்டில் போய் மோதிய குண்டுகள்.

"உங்கப்பா துப்பாக்கிக்கு வயசாயிடுச்சு ஹனி. குழல் தேஞ்சு போச்சு. பேப்பர் வெயிட்டா வெச்சுக்கோ."

"குழல்ல ஒண்ணும் இல்ல மாக்சின். உங்க தோட்டாவப் பாருங்க" என்றாள் மருமகள் ஷெல்பி.

துப்பாக்கி கிளப்பின் அறையில் தலைகள் திரும்பின. மாக்சினின் மகன் டேரில் மான்கறிக் கிண்ணத்தோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தான். மோன்டானா குளிரில் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தான்.

மறுநாள் மாநிலப் போட்டிக்குக் கிளம்பும் அணியில் ஓர் இடம்தான் பாக்கி. இருட்டுவதற்குள் முப்பது குண்டு சுட்டுத் தேவையான புள்ளி எடுத்தால் அது ஷெல்பிக்கு. இல்லையென்றால் போன வருடம் போலவே வீட்டில் இருந்து நாய்க்குச் சோறு வைக்க வேண்டியதுதான். இதை அணித் தலைவியான மாக்சின் எல்லோர் முன்னாலும் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள்.

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் செய்த தோட்டாவை இன்னொருவர் சுடுவதில்லை. வெடிமருந்து கூடக்குறைய இருந்தால் போவது சுடுகிறவரின் விரல்கள். புருஷன் பெண்டாட்டிக்கே தனித்தனி டப்பா உண்டு. ஷெல்பி மட்டும் கல்யாணமான நாளிலிருந்து மாமியார் செய்து கொடுத்ததைத்தான் சுட்டாள். வீட்டுக் கராஜில் இருக்கும், தோட்டா செய்யும் பிரஸ்ஸின் பக்கம் மாக்சின் யாரையும் விட்டதில்லை.

மைதானத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் வெண்டல் எழுந்து வந்தார். "சும்மா கத்தாதீங்க. மாத்தி மாத்திச் சுட்டுப் பாத்துடலாம்."

அவரிடமிருந்த, கடையில் வாங்கிய தோட்டா ஐந்தை ஷெல்பி மைதானத்தில் தன் துப்பாக்கியில் சுட்டாள். ஐந்தும் அழகான வட்டம்.

"பாத்தீங்களா?"

மாக்சின் ஷெல்பியின் டப்பாவிலிருந்து ஐந்தை எடுத்துத் தன் துப்பாக்கியில் சுட்டாள். அவையும் வட்டம்தான்.

"நீயும் பாத்தியா?"

வெண்டல் தாடையைச் சொறிந்தார். "ஷெல்பியோட குழல் உள்ள ஒரு மயிரிழை அகலம். பழைய துப்பாக்கில அப்படி இருக்கும். அதுல குண்டு ஒல்லியாப் போனா குழலுக்குள்ள வெட்டியிருக்குற வரி அதப் பிடிச்சுச் சுழட்டாது. அதான் புரளுது. கடைக் குண்டு சரியா இருக்கு. அப்ப இந்த டப்பாக் குண்டுதான் ஒல்லி."

ஒரு தோட்டாவைச் சுத்தியல் மாதிரியான கருவிக்குள் வைத்துத் தட்டி, பித்தளைக் கூட்டிலிருந்து குண்டைப் பிரித்தெடுத்தார். செம்பு முலாம் பூசிய ஈயக் குண்டு. அதன் இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற்போல ஒரு தடம். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். குறைந்திருந்தது.

"கூட்டோட வாய ரொம்ப இறுக்கியிருக்க, மாக்சின். ஈயம் நசுங்கிடுச்சு."

ஷெல்பி கேட்காமலே மாக்சினின் சொந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதயும் பிரிங்க."

அதில் தடமே இல்லை. அளவும் சரியாக இருந்தது.

யாரோ மெல்ல விசிலடித்தார்கள்.

"அப்ப எனக்குன்னே தனியா இறுக்கியிருக்கீங்க." ஷெல்பியின் முகம் சிவந்துவிட்டது. "என்ன டீம்ல சேக்கப் பிடிக்கலன்னா நேராச் சொல்ல வேண்டியதுதானே? இதுக்கு ஏன் இப்படி ஒரு வேல?"

"ஆமா, இறுக்கினேன்."

"அம்மா..." என்றான் டேரில்.

"நீ சாப்பிடு." மாக்சின் மகன் பக்கம் திரும்பவில்லை. "மார்ச்சுல நீ துப்பாக்கியக் காலி பண்ணினப்ப ஒரு தோட்டா கீழ விழுந்துச்சு. எடுத்துப் பாத்தேன். குண்டு கூட்டுக்குள்ள பாதி அமுங்கியிருந்தது. அதச் சுட்டிருந்தா உள்ள அழுத்தம் ஏறி வெடிச்சிருக்கும். அதான் உன்னோடத மட்டும் இறுக்கினேன். இவனுக்கு முட்டகூடப் பொரிக்கத் தெரியாது. கையில்லாத மருமகள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னாக் கேக்குற ஆளா நீ?"

ஷெல்பி அந்த டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தாள். குண்டின் மூக்கை மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். குண்டு வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கூட்டுக்குள் போனது.

"இறுக்கினா ஈயம் நசுங்கும், பித்தள கொஞ்சம் விரிஞ்சுக்கும். பிடிப்பு இன்னும் விட்டுப் போகும்" என்றாள். "இத்தன நாள் நான் இதத்தான் சுட்டேன்."

மாக்சின் அந்தத் தோட்டாவைக் கையில் வாங்கினாள். உதட்டுச் சாயத்தைத் தவிர அவள் முகத்தில் வேறு நிறமே இல்லை. டப்பாவை மூடி வெண்டலிடம் தள்ளினாள். "அழிச்சிடு." பிறகு தன் டப்பாவை ஷெல்பியின் முன் வைத்தாள். "இதச் சுடு. இது நல்லாருக்கு."

"வேணாம். உங்க கையால செஞ்சத இனிமே நான் சுடுறதா இல்ல."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் சொல்லாத வார்த்தை. நம்பிச் சுட்டு வந்தவர் திடீரென்று வேண்டாம் என்பதைவிடப் பெரிய அவமானம் எங்கள் ஊரில் கிடையாது. மாக்சின் கோட்டை மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தோம்.

"அப்ப வா. நீயே செய். இருட்டுறதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

கராஜில் நடந்ததை டேரில்தான் எங்களுக்குச் சொன்னான். பிரஸ்ஸுக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் முதல்முறையாக இன்னொருத்தி உட்கார்ந்தாள். மாக்சின் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் திட்டினாள்.

"மாவாட்டுறியா? கைப்பிடியப் பாதியில விடாத."

"மூச்சு என் கழுத்துல படுது மாக்சின். தள்ளி நில்லுங்க."

"மருந்து எட போட்டியா?"

"போட்டேன்."

"இன்னொரு தடவ போடு."

கூட்டின் வாயை இறுக்கும் அச்சைத் தளர்த்தியவள் ஷெல்பி. ஷெல்பிக்குச் செய்யும்போது, குண்டு நுழைவதற்காகக் கூட்டின் வாயை அளவுக்கு மேல் விரித்து வைத்திருந்ததுதான் மார்ச் மாதத்துக் கோளாறுக்கு மூலம் என்று கண்டுபிடித்தவள் மாக்சின். தன் தப்பு என்று சொல்லவில்லை. திருகாணியைத் திருப்பிச் சரி செய்தாள், அவ்வளவுதான். செய்து முடித்த ஒவ்வொரு தோட்டாவையும் இருவருமே மேஜையில் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். ஒருத்தி பார்த்ததை மற்றவள் நம்பவில்லை.

திரும்பி வரும்போது மைதானத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஷெல்பி சுட்டாள். காற்று குறுக்கே அடித்ததில் முதல் சில குண்டுகள் விலகின. பிறகு நின்று, கையை உதறிக்கொண்டு, நிதானமாகச் சுட்டாள். வெண்டல் தாளைக் கொண்டுவந்து எண்ணினார். தேவைக்கு இரண்டு புள்ளி கூடுதல். ஒரு துளைகூட நீளம் இல்லை.

டேரில் கை தட்டப் போனான். அம்மா திரும்பிப் பார்த்ததும் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மாக்சின் தாளை விளக்கடியில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இடது பக்கம் இழுக்குற" என்றாள்.

"தெரியும்."

"காலைல ஆறு மணிக்கு வண்டி எடுப்பேன். நீ முன்னால உக்காரு, இவன் பின்னால வரட்டும்." கதவருகே போய் நின்றாள். "ஹீட்டர்ல கை வெச்சன்னா எறக்கி விட்டுருவேன்."