பன்னிரண்டாவது பிள்ளை

பதினொரு பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஜெயம்மாள் பன்னிரண்டாவது பிள்ளையைப் பார்த்தாள். வரிசைக் கடைசியில், பட்டுப்பாவாடை புழுதியில் புரள, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் ஊர்ப் பண்ணையார் தாமோதரன் மகள் கனகா. ஆறு வயது. கையில் கொட்டாங்கச்சி. அதில் பாதி காலி. பக்கத்தில் இருந்த அம்முலு தன் பங்கை ஊற்றிக் கொடுத்திருந்தாள்.

ஜெயம்மாளின் புருஷன் வேதகிரி, தாமோதரன் வீட்டுப் படியாள். உத்திரமேரூர் ஏரி நிரம்பி மதகு திறந்த வாரம் அது; காலனியில் பாதிப்பேர் அவர் கழனியில்தான் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று நடவு நிற்காது. தாய்மார் திரும்பும்வரை பிள்ளைகளை ஜெபக் கொட்டகையில் வைத்துப் பாட்டும் கதையும் சொல்லி, கூழ் ஊற்றிப் பார்த்துக்கொள்வது ஜெயம்மாள். ஊர்ப்பிள்ளை இங்கே கால் வைத்ததே குற்றம். போன வருஷம் ஊர்க் கிணற்றில் வாளி விட்டதற்குக் காலனிச் சின்னராசுவின் கையை ஊரார் முறித்தார்கள். இன்னும் அது நேராக நீளவில்லை.

"யாரு பாப்பா ஒன்ன இட்டாந்தது?"

"நானேதான் வந்தேன். பாட்டு கேட்டிச்சி. வெளியவே நின்னு கதைகூட கேட்டேன்."

"எய்ந்துரு கண்ணு. வூட்டுக்குப் போ."

"மாட்டேன். புள்ளைங்க வந்தா தொரத்தாதீங்கன்னு ஏசு சொன்னாருன்னு சொன்ன இல்ல? அப்பறம் நீ மட்டும் இன்னாத்துக்குத் தொரத்துற?"

அம்முலு களுக்கென்று சிரித்தாள். ஜெயம்மாள் அவள் தலையில் ஒன்று வைத்தாள்.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கக் கழனியிலிருந்து வந்த செங்கேணி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, ஆண்டை சைக்கிள்ல வராரு. பொண்ணக் காணம்னு தேடிக்கினு..." கனகாவைப் பார்த்தாள். "ஐயோ, இத ஏங்க்கா உள்ள வுட்ட? எல்லாரு பொயப்பும் போச்சே!"

கொட்டாங்கச்சியைப் பிடுங்கி எறிந்து, முந்தானையால் குழந்தையின் வாயை அழுத்தித் துடைத்தாள். ஜெயம்மாள் மண்டியிட்டாள்.

"பாப்பா, நைனா கேட்டா எதுவும் குடிக்கலன்னு சொல்லு. இன்னா?"

"குடிச்சேனே."

"குடிக்கலன்னு சொல்லு, கண்ணு."

கனகா தூரக் கிடந்த கொட்டாங்கச்சியை எடுக்கப் போனாள்.

தாமோதரன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கொட்டகைக்குள் நுழையவில்லை. "வெளிய வா," என்றார். மகள் போனாள்.

"இன்னாடி குட்த்தாங்க?"

"கூழு. அம்முலு குட்த்தா. நல்லா இருந்திச்சி நைனா. குடிக்கலன்னு சொல்லச் சொல்றாங்க."

அவர் ஜெயம்மாளைப் பார்க்கக்கூட இல்லை. மகளின் பிடரியைப் பிடித்துக் குனியவைத்தார். "வாந்தி எடு. எடுடி." வாய்க்குள் விரலை விட்டார். குழந்தை திமிறியது; இருமியது; முகம் கறுத்தது. கொட்டகைப் பிள்ளைகள் அலறினார்கள்.

செங்கேணி ஜெயம்மாளின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "போவாதக்கா. அது அவுங்க புள்ள."

ஜெயம்மாள் போனாள். தாமோதரனின் மணிக்கட்டைப் பிடித்து விரலை வெளியே இழுத்தாள்.

"வுடு ஆண்டே! மூச்சு நிக்குது கொயந்தைக்கு!"

அவர் தன் கையையும், அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தார். "என்னயே தொட்டியா நீ?"

"தொட்டேன்." கையை எடுத்தாள். "கூழு என்னுது. சின்னப் புள்ளைங்கள ஒண்ணும் கேக்காத, என்னக் கேளு. பொய் சொல்லச் சொன்னது நாந்தான். அது தப்பு. பசிச்ச புள்ள குடிச்சது தப்பில்ல."

கனகா ஓடிவந்து அவள் தொடையைக் கட்டிக்கொண்டு இருமினாள். தாமோதரன் இரண்டு முறை இழுத்தும் வரவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு போய் சைக்கிள் பாரில் உட்காரவைத்தார்.

"சாய்ங்காலம் ஒம் புருஷன வூட்டாண்ட அனுப்பு," என்றார் திரும்பாமலே.

சைக்கிள் மறைந்ததும் செங்கேணி தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணனுக்கு இன்னா சொல்லப் போற?"

"நடந்தத." அகப்பையை அவள் கையில் கொடுத்தாள் ஜெயம்மாள். "அம்முலுக்கு இன்னொருக்கா ஊத்து. அதும் பங்கு போயிடிச்சி."

ஜெயம்மாள் கழனி வரப்பில் வேகமாக நடந்தாள். நாற்றுக்கட்டு சுமந்து எதிரே வந்த வேதகிரி அவள் முகத்தைப் பார்த்ததும் கட்டைச் சேற்றில் போட்டான்.

"இன்னாச்சி? புள்ளைங்களுக்கு எதுனாவா?"

"புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவல," என்றாள். "நீ மொதல்ல உக்காரு. மீதியச் சொல்றேன்."