நவம்பர் மதிப்பெண்

ஐந்தாவது பந்தும் கையில் நிற்கவில்லை. நெஞ்சில் பட்டு முன்னால் உருண்டது. ஸ்காட் ஆக்ராய்ட் குனிந்து அதை எடுத்துச் சேற்றை வழித்துவிட்டுத் திருப்பி உதைத்தான். மார்ச் மாதக் காற்று நெடுஞ்சாலைப் பக்கமிருந்து குறுக்காக வீசியது. நாற்பது கஜம் தள்ளிப் பயிற்சியாளர் நாப்டன் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏண்டா ஸ்காட், பந்து மேலேருந்துதான் வரும். கீழே என்னத்தத் தேடுற?"

"காத்து, கோச்."

"காத்து இந்த ஊர்ல எங்க தாத்தா காலத்துலேருந்து அடிக்குது. உனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

கோட்டோரம் நின்றிருந்த பையன்கள் சிரித்தார்கள். ஸ்காட்டும் சிரித்தான். காற்று காரணமில்லை. உதைக்கும்போது ஒரு பந்துதான் மேலே போனது. இறங்கி வரும்போது இரண்டாக வந்தது. இடது பக்கத்துப் பந்தை நம்பிக் கைநீட்டினால் சில நேரம் கிடைத்தது.

பதினோரு வருடமாக அவன் இடது விங்கில் ஆடுகிறான். ரக்பி லீக்கில் ஓரத்தில் நிற்பவனுக்கு வேலை இரண்டு. கோட்டுக்கும் எதிராளிக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தால் அதில் புகுந்து ஓட வேண்டும். எதிரணி வானத்துக்கு உதைக்கும் பந்தை, மூன்று பேர் முழு வேகத்தில் மேலே வந்து விழும்போது, அண்ணாந்து நின்று பிடிக்க வேண்டும். முதல் வேலைக்காக ஊரில் அவனைத் தெரியாதவர் இல்லை. இரண்டாவது வேலையில்தான் தலையில் அடிபட்டது. கடைசி அடி ஜனவரியில்; ஒருவனுடைய முழங்கால் நெற்றிப்பொட்டில் இறங்கியது.

உடை மாற்றும் அறையில் நெய்லர் மணிக்கட்டுப் பிளாஸ்திரியைப் பல்லால் பிய்த்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் ஆடுகிறவன், ஸ்காட்டோடு ஒரே வருடம் சேர்ந்தவன்.

"வியாழக்கிழமை டாக்டர்கிட்டப் போறியாமே?"

"ஆமாடா. இனிமே முடியாது. சொல்லிரலாம்னு இருக்கேன். அடிபட்டதால ஆட முடியலேன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா, ஒப்பந்தத்துல மீதி இருக்கற ஒண்ணரை வருசச் சம்பளமும் வைத்தியமும் கிளப் பொறுப்பு."

"மூளைச் சோதனை வைப்பாங்களே."

"வைக்கட்டும். இத்தன வருசம் பாஸாகணும்னு பயந்தோம். இந்தத் தடவை ஃபெயிலாகணும், அவ்வளவுதான். அதுக்குப் படிக்கவா வேணும்?"

"நவம்பர்ல நீ எவ்வளவு எடுத்த?"

"நாப்பத்தொண்ணு. பை எனக்குத்தான்."

இருவரும் சிரித்தார்கள். நெய்லர் முதலில் நிறுத்தினான்.

ஒவ்வொரு நவம்பரிலும், ஆட்டங்கள் தொடங்குமுன், எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள். திரையில் சீட்டுகள் வரும். முன்பே வந்த சீட்டா இல்லையா என்று பொத்தானை அமுக்க வேண்டும். தலையில் அடிபட்டவனுக்கு அதே சோதனையை மறுபடி வைத்து, நவம்பர் மதிப்பெண்ணுக்குக் கீழே போயிருந்தால் வெளியே உட்கார வைப்பார்கள். அதனால் நவம்பரில் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. தெரிந்த சீட்டைத் தெரியாது என்பார்கள், பொத்தானை மெதுவாக அமுக்குவார்கள். நாற்பதுக்குக் கீழே போனால் மட்டும் 'முயற்சி செய்யவில்லை' என்று கம்ப்யூட்டர் அதைத் தள்ளிவிடும். நாற்பதுக்கு மிக அருகில் வந்து நிற்பவனுக்கு மற்றவர்கள் செலவில் 'பை' என்கிற, பன்றியிறைச்சி அடைத்த பலகாரம். நான்கு வருடமாக ஸ்காட்தான் தின்றான்.

"நாப்பத்தொண்ணுக்குக் கீழ எங்கடா எடம் இருக்கு?" என்றான் நெய்லர்.

ஸ்காட் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை அவன் மனைவி லின்சி, தான் வேலை செய்யும் மிட்டாய்த் தொழிற்சாலையில் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். அதிமதுர மிட்டாய் வாசனை அவள் மேலங்கியில் இருந்தது. மைதானத்துக்குப் பின்னாலிருந்த டாக்டர் அறைக்கு வெளியே, மடியில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னது அது?"

"நீ செஞ்சதெல்லாம் எழுதிவெச்சிருக்கேன். கெட்டிலை ஃபிரிட்ஜுல வெச்சது, காரை எங்க விட்டேன்னு தெரியாம நடந்து வந்தது. எங்கப்பா எப்படி இருக்கார்னு கேட்டது, அதுவும் ரெண்டு தடவை. அவரைக் குழியில எறக்கினவங்கள்ல நீயும் ஒருத்தன், ஸ்காட்."

"அதையெல்லாம் படிக்காத."

"உனக்கு வெக்கமா இருந்தா காதைப் பொத்திக்கோ."

ஸ்காட் இருபது நிமிடம் சீட்டுகளைப் பார்த்தான். இதுவரை இல்லாதபடி ஒழுங்காகச் செய்தான். நெற்றியிலிருந்து வியர்வை மேசையில் சொட்டியது. ஒவ்வொரு சீட்டையும் எங்கோ பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

டாக்டர் பெர்ரிமன் லின்சியின் தாளை முழுவதும் படித்தார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி அடி ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது. அதனாலதான் இந்தச் சோதனை. நவம்பர்ல நாப்பத்தொண்ணு. இன்னிக்கு நாப்பத்துமூணு."

"அப்படின்னா?" என்றாள் லின்சி.

"குறையல. ரெண்டு கூடியிருக்கு."

"அது எப்படிங்க கூடும்? நேத்து வீட்டுச் சாவியக் கையில வெச்சுக்கிட்டே தேடினான்."

"நீங்க சொல்றத நான் நம்பறேன்மா. ஆனா கிளப்பும் இன்ஷூரன்ஸ்காரங்களும் இந்த ரெண்டு எண்ணைத்தான் பார்ப்பாங்க."

ஸ்காட் தொண்டையைச் செருமினான். "நவம்பர்ல நான் வேணும்னே தப்பாப் பண்ணினேன், டாக்டர்."

டாக்டரின் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன. லின்சி திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"பை, பைன்னு வந்து சொல்லுவியே, அதா?"

"எல்லாரும்தான் பண்றாங்க."

"எல்லாரும் என் வீட்டுலயா இருக்காங்க?"

"இத நான் எழுதணுமா?" என்றார் டாக்டர். "யோசிச்சுச் சொல்லுங்க. எழுதினா, சோதனைய ஏமாத்தினதா ஆகும். உங்க ஒப்பந்தத்துல அதுக்குன்னு ஒரு வரி இருக்கு. கிளப் அன்னிக்கே உங்கள அனுப்பலாம். அடிபட்டதுக்கும் எதுவும் கிடைக்காது. எழுதலேன்னா, ஆடத் தகுதி இருக்குன்னுதான் நான் அனுப்ப முடியும்."

"எழுதுங்க" என்றாள் லின்சி.

"எழுதாதீங்க" என்றான் ஸ்காட்.

"ஸ்காட்!"

"அன்னிக்கே அனுப்பினா அப்புறம் என்ன பண்றது? உன் சம்பளத்துல வீட்டுக் கடன் கட்ட முடியுமா? நான் எங்க வேலைக்குப் போவேன்? காரை எங்க விட்டேன்னு தெரியாதவனுக்கு எவன் வேன் ஓட்டக் குடுப்பான்?"

லின்சி தன் தாளை எடுத்து நான்காக மடித்தாள். கைப்பையில் போட இரண்டு முறை முயன்றாள். மூன்றாம் முறை உள்ளே போனது.

டாக்டர் அதை எழுதாமல், ஆடத் தகுதி இருக்கிறதென்று அனுப்பினார். மாடியில் கிளப் மேலாளர் சைக்ஸ் இருவருக்கும் தேநீர் கொடுத்தார். மரியாதையான மனிதர். ஸ்காட் சிறுவனாக இருந்தபோதிலிருந்தே அவன் ஆட்டத்தைப் பார்த்தவர். "நல்ல சேதி ஸ்காட், நாங்கல்லாம் பயந்துட்டோம்" என்றார். "ஞாயித்துக்கிழமை சொந்த மைதானம். உன்னப் பார்க்கவே ஆயிரம் பேர் வருவாங்க." ஒரு படிவத்தை நகர்த்தி வைத்தார். "நல்லா இருக்கேன், என் சம்மதத்தோட ஆடறேன்னு ஒரு கையெழுத்து. இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு."

"ஞாயித்துக்கிழமை பந்து மேலே போச்சுன்னா விட்டுரு" என்றாள் லின்சி தணிந்த குரலில். "விழட்டும். விட்டுட்டு நில்லு."

"விட்டா அடுத்த வாரம் டீம்ல எடுக்க மாட்டாங்க."

"எடுக்க வேணாம்."

அவன் பேனாவை எடுத்தான். பெயரை எழுதினான். பிறந்த தேதியை எழுதினான். முகவரிக் கட்டத்தில் நிதானமாக, நல்ல கையெழுத்தில், எண் எட்டு, பிண்டர் தெரு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

லின்சி எட்டிப் பார்த்தாள். "ஸ்காட், அது உங்க அம்மா வீடு. அந்த வரிசையையே இடிச்சுட்டாங்க. சூப்பர் மார்க்கெட் நிக்குது அங்க."

"ஆமால்ல."

"நீங்க பார்த்தீங்களா?" என்று அவள் மேலாளரிடம் கேட்டாள். "என்ன எழுதியிருக்கான்னு பார்த்தீங்களா?"

சைக்ஸ் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார். "மேலே ஒரு கோடு போட்டு, சரியான முகவரிய எழுதி, பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்து. அது போதும். ஏத்துக்குவாங்க."

ஸ்காட் பிண்டர் தெருவின் மேல் நேராக ஒரு கோடு போட்டான். பேனா முனை வெற்றிடத்தின் மேல் வந்து நின்றது. அவன் லின்சியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மைதானத்தில் யாரோ ஒருவன் கோடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு" என்றான் ஸ்காட்.

அவள் திரும்பவில்லை.

"இருபத்தேழு" என்றாள். அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த சொல்லைச் சொன்னாள்.