பத்து ரூபாய் நிற்கட்டும்

மொக்கையன் காசா ராவுத்தருக்குத் தரவேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய். மகள் தங்கச்செல்வியின் வளைகாப்புக்கு எடுத்த சேலைக்கும் ஒரு ஜமுக்காளத்துக்கும் நின்ற பாக்கி. அருப்புக்கோட்டையிலிருந்து மொபட்டில் துணிமூட்டை கட்டிவந்து தவணைக்குக் கொடுக்கிற ராவுத்தர் ஒருநாளும் நெருக்கிக் கேட்டவரில்லை. மொத்தமாக அடைக்கப் போனால்கூட முழுசாக வாங்கமாட்டார். பத்து ரூபாயைத் திருப்பிக் கையில் திணித்துவிடுவார். "கணக்க வழிச்சுத் தொடைக்கக் கூடாது மாப்ளே. பத்து ரூவா நிக்கட்டும். அப்பத்தான நான் இந்தப் பக்கம் வாரதுக்கு ஒரு சாக்கு இருக்கும்" என்பார். அப்படியே வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தது அந்தப் பத்து ரூபாய்; இந்தப் பாக்கியிலும் அது சேர்த்தி.

ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில், திருச்சுழி பஸ் நிற்கிற இடத்தில் பலகை நடக் குழி வெட்டியது மொக்கையன்தான். கரிசலுக்கு அடியில் சுக்கான்கல். கடப்பாரை இறங்க மாட்டேனென்றது. உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் வேம்பில் சாத்தியிருந்த பலகையைப் பார்த்தார். மகள் பிறந்த பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவர்; இப்போதும் உதடசைத்துத்தான் வாசிப்பார். மாற்று மத வியாபாரிகள் ஊருக்குள் வரக் கூடாது. கீழே, ஊர்ப் பொதுமக்கள். அந்தப் பொதுமக்களில் தானும் சேர்த்தியா என்று யாரிடம் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

வேலைக்கு அழைத்துவந்த நிலத்துக்காரர் மகன் அசோக் போனை நீட்டினான். ஏதோ வெளிநாட்டுத் தெரு. பனி கொட்டிக் கிடந்தது. தாடி வைத்தவர்கள் கூட்டமாக ஓடினார்கள். அடிக்க ஓடுகிறார்களா, அடிக்குப் பயந்து ஓடுகிறார்களா என்று பிடிபடவில்லை.

"எந்த ஊருப்பா இது?"

"எந்த ஊரா இருந்தா என்ன பெருசு? நாளைக்கு நம்மூருக்கும் வந்துரும்ல?"

"நம்மூர்ல மழையவே காணோம். பனி எங்கிட்டுப் பேயப் போகுது?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அசோக்கும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மொக்கையன் கேட்டுவிட்டார். "அப்ப ராவுத்தரு?"

"அவரு நம்மாளு பெருசு. அவரு பாட்டுக்கு வரட்டும். இது மத்தவனுகளுக்கு."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கம்பத்தைச் சுற்றிக் கல் போட்டு இறுக்கி, மண்ணை மிதித்துவிட்டார். கூலி எழுநூறு.

"ஊர்ல வேற ஆளா இல்ல? நீங்கதான் போயி வெட்டணுமாக்கும்?" என்றாள் வீட்டில் மனைவி முத்துத்தாய்.

"நா வெட்டலைனா இன்னொருத்தன் வெட்டுவான்."

"வெட்டட்டும். ராவுத்தரு வந்தா அவன் மூஞ்சிய அவன் காமிச்சுக்கிருவான்."

வழக்கமாக வருகிற வியாழக்கிழமை ராவுத்தரின் ஆரன் சத்தம் தெருவில் கேட்கவில்லை. விலக்கில் நிற்கிறார் என்று பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். முத்துத்தாய் அடுக்குப்பானையிலிருந்து எடுத்துக் கொடுத்த மொத்தப் பாக்கிப் பணத்தோடு மொக்கையன் ஓட்டமும் நடையுமாகப் போனார். அதில் அந்த எழுநூறும் இருந்தது.

ராவுத்தர் பலகைக்கு அந்தப் பக்கம், தார்ரோட்டு ஓரமாக மொபட்டை நிறுத்தியிருந்தார். மூட்டை அவிழ்க்கப்படவே இல்லை.

"ஏன் மாமா இங்கனயே நின்னுட்டீக? வாங்க. இது ஒங்களுக்கு இல்ல. அசோக்கே சொன்னான்."

"எனக்கு இல்லைனு அதுல எழுதலயே."

ராவுத்தர் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லா ஊணிருக்கு. யாரு வேல?"

யாரென்று தெரியாதென்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"நாந்தான் மாமா."

ராவுத்தர் அவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் தேவலை போலிருந்தது மொக்கையனுக்கு. "ஒங்க வேல எப்பவும் சுத்தந்தான்" என்றார்.

மொக்கையன் பணத்தைக் கொடுத்தார். ராவுத்தர் விரலில் எச்சில் தொட்டு நிதானமாக எண்ணினார். ஐநூறுகள், நூறுகள், கடைசியாக ஒரு ஐம்பது, ஒரு பத்து. மொக்கையனின் கை தானாக நீண்டது. ராவுத்தர் பத்து ரூபாய் நோட்டின் மடங்கிய முனையை நீவிவிட்டு, மற்ற நோட்டுகளோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரியா இருக்கு. பாக்கி இல்ல."

மொபட் அடுத்த ஊரான எம்.ரெட்டியபட்டிப் பக்கம் திரும்பிப் போனது. புழுதி அடங்குகிறவரை மொக்கையன் நீட்டிய கையை மடக்கவில்லை.